செடி கொடி இல்லாத காலத்து ஆற்றைப் பாறையில் படிப்பது எப்படி?

புல் இல்லை, மரம் இல்லை, கரையில் ஒரு நாணல்கூட இல்லை. அப்படிப்பட்ட பூமியில் ஆறு எப்படி ஓடியிருக்கும் என்று தேடினால் கிடைக்கிற பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: அகலமாக, ஆழமில்லாமல், பல நீர்க்கால்களாகப் பிரிந்தும் சேர்ந்தும் ஓடியிருக்கும், வேர் வந்த பிறகுதான் கரை நின்றது, ஆறும் வளைந்து நெளிய ஆரம்பித்தது. இது தப்பு என்று சொல்ல மாட்டேன், ஆனால் அரைகுறை. இந்த வழிகாட்டி அந்தப் பதிலை மனப்பாடம் செய்வதற்கு இல்லை. பழைய மணற்பாறை ஒன்றின் முன்னால் நீங்களே போய் நின்று, அதைப் போட்ட ஆறு எவ்வளவு ஆழம், எந்தப் பக்கம் ஓடியது, ஒற்றைக் காலா பல காலா என்று நிதானமாகக் கேட்டுப் பார்ப்பதற்கு. புவியியல் பட்டம் வேண்டாம். அளவு நாடா, திசைகாட்டி, நோட்டுப் புத்தகம், கூகுள் எர்த் ஓடும் ஒரு கணினி, இவை போதும்.

ஒன்றை மட்டும் கடைசிவரை விட்டுவிடாதீர்கள். ஆற்றின் உருவம் வேறு, அந்த ஆறு போட்டுவிட்டுப் போன மணலின் உருவம் வேறு. இந்தத் துறையில் ஐம்பது வருடமாக நடக்கிற சண்டைகளில் பாதி இந்த இரண்டையும் ஒன்றாக நினைப்பதால் வருவது.

முதலில் காலக்கணக்கு

நிலத்தில் தாவரம் இருந்ததற்கு நமக்குக் கிடைத்த முதல் நல்ல தடயம் நுண்ணிய வித்துகள், ஏறத்தாழ 47 கோடி ஆண்டுகளுக்கு முந்தையவை. அவற்றை உதிர்த்த செடிகள் தரையோடு ஒட்டிக் கிடந்த பாசி மாதிரியான சமாசாரம். தண்டு நிமிர்த்தி நின்ற குக்சோனியா என்ற செடி வருவது சுமார் 43 கோடி ஆண்டுகளுக்கு முன், அதுவும் சில சென்டிமீட்டர் உயரம்தான். மரம், காடு, ஆழமான வேர் என்று பார்த்தால் 39 கோடி ஆண்டுக்குப் பக்கத்தில் வந்துவிடுகிறோம். நியூயார்க் மாநிலத்தின் கில்போவாவில் கிடைத்த மரக்கட்டைகள் 38.5 கோடி ஆண்டு அளவில் வருபவை. ஆக, 'தாவரத்துக்கு முன்', 'தாவரத்துக்குப் பின்' என்று ஒரே கோடு கிழிக்க முடியாது, நடுவில் எட்டு ஒன்பது கோடி ஆண்டு இழுவை இருக்கிறது. புதிதாக ஆரம்பிப்பவர்கள் அந்த இடைக்காலப் பாறைகளைத் தொடாமல், 50 கோடி ஆண்டுக்கு முந்தைய பாறையாகப் பார்த்து எடுத்துக்கொள்வது நல்லது. அங்கே செடி இருந்ததா என்ற வாதமே எழாது.

அதற்காக நிலம் மொட்டைப் பாறையாகவே கிடந்தது என்றும் நினைக்க வேண்டாம். ஈரம் இருந்த இடங்களில் நுண்ணுயிர்கள் வழவழவென்று படலம் கட்டிக் கிடந்தன. தென்னாப்பிரிக்காவின் பார்பர்ட்டனில் 322 கோடி ஆண்டு பழைய மணற்பாறைகளிலேயே அந்தப் படலத்தின் தடயம் இருக்கிறது.

அப்புறம், திரையில் இன்றைய ஆறுகள்

பாறைக்குப் போவதற்கு முன் கூகுள் எர்த்தில் இரண்டு இடங்களைத் தேடுங்கள். ஒன்று ஐஸ்லாந்தின் தெற்குக் கரையில், வட்னயோகுல் பனிப்பாறைக்குக் கீழே விரிந்து கிடக்கும் ஸ்கெய்தாரார்சாண்டுர் சமவெளி. கருமணல், சரளை, அதன்மேல் நூல் நூலாகப் பிரிந்து ஓடும் நீர்க்கால்கள். கணினியில் நிறுவிக்கொள்ளும் கூகுள் எர்த் புரோவில் பழைய படங்களை வருடவாரியாகப் புரட்டிப் பார்க்கலாம். ஒரு படத்தில் இருந்த கால் அடுத்த படத்தில் இருக்காது. இங்கே ஸ்கெய்தாரா ஆற்றுக்கு 880 மீட்டர் நீளத்தில் ஒரு பாலம் கட்டினார்கள். அன்றைக்கு ஐஸ்லாந்தின் மிக நீளமான பாலம் அது. 2009-ல் ஆறு மேற்கே போய் வேறொரு ஆற்றோடு சேர்ந்துவிட்டது, பாலம் கிட்டத்தட்ட வறண்ட மணலுக்கு மேல் நின்றுபோனது. பனிப்பாறை பின்வாங்கியதுதான் அதற்குக் காரணம் என்றாலும், பிடிப்பில்லாத மணலில் ஓடும் ஆற்றுக்கு இடம் ஒரு பொருட்டே இல்லை என்பதை இதைவிட நன்றாக யாரும் காட்ட முடியாது.

இரண்டாவது, அமெரிக்காவின் நெவாடாவில் பிளாக் ராக் பாலைவனத்துக்குள் போய் முடியும் குவின் ஆறு. கடைசிப் பகுதியில் கரையில் செடி ஏறக்குறைய இல்லை. ஆனாலும் ஆறு பாம்பாக நெளிகிறது! காரணம், கரை உப்புக் கலந்த களிமண். களிமண்ணே பசையாக நின்று கரையைப் பிடித்துக்கொள்கிறது. வேர் மட்டும்தான் கரையைப் பிடிக்கும் என்ற எண்ணத்தை இந்த ஓர் ஆறே உடைத்துவிடும். கேட்க வேண்டிய கேள்வி 'செடி இருந்ததா' என்பது இல்லை, 'கரையை எது பிடித்துக்கொண்டிருந்தது' என்பது. வேர் ஒரு பதில், களிமண் இன்னொரு பதில், உறைந்த மண், நுண்ணுயிர்ப் படலம், பாறைப் பள்ளத்தாக்கு என்று வேறு பதில்களும் உண்டு.

வேரின் பங்கு சின்னது என்றும் இல்லை. 2007-ல் அமெரிக்காவின் மின்னியாபொலிஸ் நகர ஆய்வகம் ஒன்றில் மிக்கால் டால், கிறிஸ் பயோலா இருவரும் ஒரு பெரிய மணல் தொட்டியில் தண்ணீரை விட்டார்கள். அது தானாகப் பல கால்களாகப் பிரிந்து ஓடியது. பிறகு குதிரைமசால் விதையைத் தூவி முளைக்கவிட்டு, நடுநடுவே வெள்ளம் விட்டார்கள். பின்னிக் கிடந்த ஓட்டம் மெல்ல ஒற்றைக் காலாகச் சேர்ந்துகொண்டது. மாட்டுத் தீவனப் பயிரின் முளை அது, அவ்வளவுதான். அதற்கே ஆறு அடங்குகிறது.

காய்ந்த ஆற்று மணலில் ஒரு வெட்டு

இந்த வேலையைத் தவிர்க்காதீர்கள், பாறையில் பார்க்கப்போவதெல்லாம் இதன் மறுபதிப்புதான். கொள்ளிடமோ பாலாறோ வைகையோ, பக்கத்தில் எந்த மணலாறு இருக்கிறதோ அங்கே, தண்ணீர் வடிந்து கொஞ்ச நாள் ஆன பிறகு போங்கள். மணல் அள்ளிய குழிகள் பக்கம் வேண்டாம், அவை ஆளை விழுங்கும். மேலே அணை திறக்கிற பருவத்திலும் வேண்டாம்.

படுகையில் முழங்கால் உயரமோ சாண் உயரமோ உள்ள மணல் மேடுகள் வரிசையாக இருக்கும். ஒரு பக்கம் தணிவாக ஏறும், மறுபக்கம் செங்குத்தாக இறங்கும். செங்குத்தாக இறங்குகிற பக்கம்தான் தண்ணீர் போன திசை. மேட்டைக் கொத்துக்கரண்டியால் ஓட்டத்தின் நீளவாக்கில் நேராக வெட்டி, மணல் சரியாமல் இருக்கக் கொஞ்சம் நீர் தெளித்து, வெட்டிய முகத்தை மெதுவாக வழித்துவிடுங்கள். கன்னங்கரேலென்று மெல்லிய கோடுகள் தெரியும், எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்து, சாய்த்து அடுக்கிய அப்பளக் கட்டு மாதிரி. கறுப்பாகத் தெரிவது கனமான தாதுத் துகள். ஒவ்வொரு கோடும் அந்த மேட்டின் செங்குத்துப் பக்கம் ஒரு காலத்தில் நின்ற இடம். மேட்டின் தலையில் ஏறிய மணல் முன்பக்கம் சரிந்து விழ விழ, மேடு முன்னால் நகர்ந்தது. அடியில் பாருங்கள், பெரிய மணல்மணிகள் சேர்ந்திருக்கும், உருண்டு கடைசிவரை போனவை அவைதான்.

இப்போது அதே மேட்டை ஓட்டத்துக்குக் குறுக்கே வெட்டுங்கள். சாய்ந்த கோடுகளைக் காணோம்! அதற்குப் பதில், கிண்ணம் போல் குழிந்த வளைகோடுகள் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு நிற்கும். ஒரே மேடு, இரண்டு முகம். பாறையில் எந்த முகத்தைப் பார்க்கிறோம் என்று தெரியாமல் திசை அளந்தால் அளந்ததெல்லாம் வீண். இந்தச் சாய்கோட்டுத் தொகுப்புக்குக் குறுக்குப் படுகை என்று பெயர்.

பாறையைத் தேர்ந்தெடுப்பது

உலகில் இந்தக் காலத்து ஆற்றுப் பாறை நிறைய உண்டு. பழகுவதற்கு என் சிபாரிசு ஸ்காட்லாந்தின் வடமேற்கில் உள்ள டோரிடன் மணற்பாறை. ஏறத்தாழ 100 கோடி ஆண்டு வயது, பல கிலோமீட்டர் தடிமன், செந்நிறம். இவ்வளவு வயதான பாறை மடங்கி, நசுங்கி, வெந்து போயிருக்க வேண்டும். ஆனால் இது பெரும்பாலான இடங்களில் கிட்டத்தட்ட கிடையாகவே கிடக்கிறது. லியாகக், ஸ்டாக் போலி, சுயில்வென் போன்ற மலைகளைப் படத்தில் பார்த்தால் படிப்படியாகக் கோடு போட்ட மாதிரி இருப்பது இந்தப் பாறையின் படுகைகள், அதாவது அடுக்குகள்தான். அடியில் இன்னும் பழைய நைஸ் (gneiss) பாறை, பூமிக்குள் வெந்து நசுங்கி உருமாறியது. டையபெய்க் கிராமத்துக் கரையோரம் இந்த இரண்டும் சந்திக்கிற இடத்தைக் கையால் தொட்டுப் பார்க்கலாம். லோக் மரீ ஏரிக்கரையில் நின்று ஸ்லியோக் மலையைப் பார்த்தால் இன்னொன்று தெரியும்: பழைய நைஸ் குன்றுகளும் பள்ளத்தாக்குகளும் மணலுக்கடியில் புதைந்து அப்படியே நிற்கின்றன. செடியே இல்லாத ஒரு நிலத்தின் மேடுபள்ளம் கண்ணுக்கு எதிரே.

பயணம் போக முடியாதவர்களுக்கு ஒன்றும் குறையில்லை. பிரிட்டிஷ் புவியியல் ஆய்வகத்தின் வரைபடங்களை இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம், இந்தப் பாறையின் படங்களும் ஏராளமாகக் கிடைக்கின்றன. கீழே சொல்லும் வேலைகளில் முக்கால்வாசியை, அளவுகோல் வைத்து எடுத்த நல்ல படம் இருந்தால் வீட்டிலிருந்தே செய்யலாம்.

ஆறுதானா?

மணற்பாறை என்றாலே ஆறு என்று ஆகிவிடாது, கடற்கரையும் பாலைவனமும்கூட மணல்தான். செடி இல்லாத உலகில் காற்று தன் இஷ்டத்துக்கு மணலை அள்ளிக்கொண்டு போனது, அதனால் காற்றுப் படிவா என்ற சந்தேகம் எப்போதும் இருக்கட்டும். கூழாங்கல் இருக்கிறதா பாருங்கள், காற்று கூழாங்கல்லைத் தூக்காது. டோரிடனின் ஆப்பிள்கிராஸ் அடுக்கில் சிவப்பு ஜாஸ்பர், குவார்ட்ஸ் கூழாங்கற்கள் கொட்டிக் கிடக்கின்றன. சாய்கோடுகள் எதிரெதிர்த் திசையில் மாறிமாறி வந்தால் கடல் ஓதத்தை, அதாவது கடல்மட்டம் அன்றாடம் ஏறி இறங்குவதைச் சந்தேகியுங்கள். எல்லாம் ஏறக்குறைய ஒரே பக்கம் என்றால் ஆற்றுக்கு ஓர் ஓட்டு. ஒரே அடையாளத்தை வைத்துத் தீர்ப்பு எழுத வேண்டாம், மூன்று நான்கு சேர்ந்து வரட்டும்.

ஆழம் கணக்கிடுவது

இது எனக்கு மிகவும் பிடித்த இடம். ஒரு குறுக்குப் படுகைத் தொகுப்பின் தடிமனை அளந்துகொள்ளுங்கள், அதாவது ஒரு சாய்கோட்டு அடுக்கு தொடங்கும் கிடைக்கோட்டிலிருந்து அதை அடுத்தது வெட்டும் கிடைக்கோடு வரை. ஒன்றை மட்டும் அளந்தால் பயனில்லை. சில டஜன் அளந்து சராசரி எடுங்கள். அது மேட்டின் முழு உயரம் இல்லை என்பதை மறக்காதீர்கள், அடுத்து வந்த மேடு முந்தியதன் தலையை வழித்துக்கொண்டு போய்விட்டது. சோதனைத் தொட்டிகளில் பார்த்தவரை, மணல்மேட்டின் உண்மையான உயரம் சராசரித் தடிமனைப்போல் சுமார் மூன்று மடங்கு. ஆற்றின் ஆழம் மேட்டின் உயரத்தைப்போல் ஆறு முதல் பத்து மடங்கு.

ஒரு கணக்குப் போடலாம். சராசரித் தடிமன் 20 சென்டிமீட்டர் என்று வையுங்கள். மேடு 60 சென்டிமீட்டர். அப்படியானால் தண்ணீர் ஏறத்தாழ மூன்றரை முதல் ஆறு மீட்டர் ஆழம். கணுக்கால் அளவுத் தண்ணீர் பரவி ஓடியது என்று வழக்கமாகச் சொல்லப்படுகிற சித்திரத்துக்கும் இதற்கும் எவ்வளவு தூரம் பாருங்கள். இது துல்லியமான எண் இல்லைதான், ஒரு வீச்சு, அவ்வளவுதான். ஆனால் ஆள் உயரமா அரை அடியா என்று பிரித்துச் சொல்ல இந்த வீச்சு போதும்.

ஒரு எச்சரிக்கை: ஆப்பிள்கிராஸ் மணற்பாறையில் பல அடுக்குகள் உள்ளுக்குள்ளேயே சுருண்டு, குழம்பி, மடிந்து கிடக்கும். மணல் இறுகுவதற்கு முன், நீர் ஊறித் தொளதொளவென்று இருந்தபோதே நிகழ்ந்த குலைவு. நிலநடுக்கமா, நிலத்தடி நீர் திடீரென்று ஏறியதா என்று ஆள் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். பார்க்கக் கண்கொள்ளாக் காட்சி, அளப்பதற்கு உதவாது. படம் எடுத்துக்கொண்டு அடுத்த அடுக்குக்குப் போங்கள்.

திசை

சாய்கோடு எந்தப் பக்கம் இறங்குகிறதோ அந்தப் பக்கம் திசைகாட்டியை வைத்து, பல இடங்களில் அளந்து, எந்தத் திசையில் எத்தனை என்று காட்டும் வட்ட வரைபடமாகப் போடுங்கள். கிண்ண வடிவம் தெரிகிற இடத்தில் கிண்ணத்தின் நடு அச்சு எந்தப் பக்கம் போகிறது என்று பாருங்கள், ஓரத்தை அளந்தால் திசை கோணலாக வரும். கைபேசித் திசைகாட்டியை அதிகம் நம்ப வேண்டாம், கூடவே சாதாரணத் திசைகாட்டி ஒன்று இருக்கட்டும். டோரிடனில் ஓட்டம் பொதுவாகக் கிழக்கு, தென்கிழக்குப் பக்கம், மணல் வந்தது மேற்கே இருந்த மலைகளிலிருந்து.

இங்கே ஒரு பழைய பாடம் உண்டு. திசைகள் ஒரு சின்ன விசிறிக்குள் அடங்கினால் பல கால்களாகப் பின்னி நேராக ஓடிய 'பின்னல் ஆறு', பரந்து சிதறினால் நெளிந்தோடிய ஆறு. பாடப்புத்தகம் இப்படித்தான் சொல்லும். 2025-ல் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகக் குழு ஒன்று வெளியிட்ட ஆய்வு இந்தப் பாடத்தில் ஓட்டை போட்டுவிட்டது. இன்றைய ஆறுகளின் வளைவுகளைச் செயற்கைக்கோள் படங்களில் பின்தொடர்ந்து பார்த்தார்கள். செடி உள்ள கரையில் வளைவு பக்கவாட்டில் பெருத்துக்கொண்டே போகிறது. செடி இல்லாத கரையில் அதே வளைவு, உருவம் பெரிதாக மாறாமல், ஆற்றோடு சேர்ந்து கீழ்நோக்கி நகர்கிறது. அப்படி நகர்ந்த வளைவு விட்டுச்செல்லும் மணலில் திசைகள் அவ்வளவாகச் சிதறாது. அதாவது நெளிந்தோடிய ஆறு, பாறையில் நேராக ஓடிய ஆறு மாதிரியே வேஷம் போடும். ஆகவே திசைகள் சிதறியிருந்தால் வளைவு இருந்தது என்று ஓரளவு தைரியமாகச் சொல்லலாம், ஒடுங்கியிருந்தால் வளைவு இல்லை என்று சொல்ல முடியாது.

பெரிய சாய்வுகள்

இதுவரை பார்த்தது சின்ன மேடுகள். இப்போது பத்து இருபது அடி பின்னால் தள்ளி நின்று பாறை முகத்தை முழுதாகப் பாருங்கள். சின்னச் சாய்கோடுகளையெல்லாம் தாங்கிக்கொண்டு, தணிவாக, பல மீட்டர் நீளத்துக்கு ஓடும் பெரிய சாய்தளங்கள் தெரிகின்றனவா? அவை ஆற்றிலிருந்த மணல்திட்டின் மேற்பரப்பு, திட்டு வளர வளர ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்தவை. பெரிய தளம் சாயும் திசையையும், அதற்குள் இருக்கும் சின்னச் சாய்கோடுகளின் திசையையும் தனித்தனியே அளந்து ஒப்பிடுங்கள்.

இரண்டும் ஒரே பக்கம் என்றால் திட்டு ஆற்றோட்டத்தின் திசையிலேயே வளர்ந்திருக்கிறது, நடு ஆற்றுத் திட்டாக இருக்க வாய்ப்பு அதிகம். பெரிய தளம் ஓட்டத்துக்குக் குறுக்கே சாய்ந்தால் திட்டு பக்கவாட்டில் வளர்ந்தது, வளைவின் உட்பக்கத்தில் சேரும் திட்டு அது. இந்த முறையை 1980-களில் புவியியலாளர் ஆண்ட்ரூ மியால் ஒழுங்குபடுத்திக் கொடுத்தார், இன்றும் களத்தில் இதுதான் புழக்கம். ஒரு பாறை முகம் போதாது. ஒன்றுக்கொன்று செங்குத்தான இரண்டு முகங்கள் உள்ள மூலையைத் தேடிப் பிடியுங்கள், பாதி வேலை முடிந்த மாதிரி.

களிமண் எங்கே போனது

செடிக்கு முந்தைய ஆற்றுப் பாறையில் முதலில் உறைக்கிற விஷயம் இருப்பதல்ல, இல்லாதது. மணல், மணல், மேலும் மணல். இன்றைய ஆற்றின் இருகரையிலும் வெள்ளம் போட்டுவிட்டுப் போகும் வண்டலும் எக்கலும் அங்கே சொற்பம். 2018-ல் வில்லியம் மெக்மேகன், நீல் டேவிஸ் இருவரும் உலகெங்கும் 704 ஆற்றுப் படிவுகளின் விவரத்தைத் திரட்டிப் பார்த்தார்கள். நிலத்தாவரம் பரவிய காலத்தோடு சேர்ந்து ஆற்றுப் படிவுகளில் களிப்பாறையின் (களிமண் இறுகிய பாறை) பங்கு பத்து மடங்குக்கும் மேல் ஏறியிருக்கிறது. செடி பாறையைச் சிதைத்துக் களிமண் உண்டாக்கியதும், உண்டான களிமண்ணை வேரும் தண்டும் நிலத்திலேயே பிடித்து வைத்ததும் என இரண்டு வேலையும் சேர்ந்ததால் வந்தது. தாவரக் கசிவுகள் களித்துகள்களைத் திரளச்செய்து சீக்கிரம் படிய வைத்தன என்று 2021-ல் இன்னொரு விளக்கமும் வந்தது. அதற்கு முன் களிமண் கடலைப் பார்க்கப் போய்க்கொண்டிருந்தது.

களத்தில் உங்கள் வேலை: பாறைச்சுவரைக் கீழிருந்து மேலாக அளந்து, மொத்த உயரத்தில் களிப்பாறை எத்தனை சதவீதம் என்று குறித்துக்கொள்ளுங்கள். கூடவே மணலுக்குள் தட்டையான களிக்கட்டிகள் சிதறிக் கிடக்கின்றனவா என்று தேடுங்கள். இருந்தால், எங்கோ மேலே களிமண் கரை ஒன்று இருந்து இடிந்து விழுந்திருக்கிறது. படுகையாக மிஞ்சாவிட்டாலும் களிமண் இருந்ததற்குச் சாட்சி அது. கரையைப் பிடித்தது எது என்ற கேள்விக்கும் இங்கேதான் துப்பு கிடைக்கும். டோரிடனிலேயே, டையபெய்க் பக்கம், ஏரியில் படிந்த சாம்பல் நிறக் களிப்பாறையில் காய்ந்து வெடித்த தரையையும் அலை வரிகளையும் பார்க்கலாம். அந்த ஏரிகளில் நுண்ணுயிர்ப் புதைபடிவங்களும் கிடைத்திருக்கின்றன.

பாய் விரித்த மணலும் மேலிருந்து பார்ப்பதும்

செடி வருவதற்கு முன் ஆறு வேறு மாதிரி ஓடியிருக்கும் என்று புவியியலாளர் ஸ்டான்லி ஷூம் 1968-லேயே எழுதினார். எட்வர்ட் காட்டர் 1978-ல் அமெரிக்காவின் அப்பலாச்சியன் மலைப் பாறைகளை வைத்து அதற்கு ஆதாரம் காட்டினார்: பழைய மணற்பாறைகள் தடிமன் குறைவாக, பக்கவாட்டில் கண்ணுக்கெட்டியவரை பாய் விரித்த மாதிரி போகின்றன, கால்வாய் வடிவமே தெரிவதில்லை. பிறகு 2010-ல் நீல் டேவிஸ், மார்ட்டின் கிப்லிங் இருவரும் உலகம் முழுவதிலிருந்தும் சேர்த்துப் பார்த்து, தாவரம் வளர வளர அந்தப் பாய் வடிவம் குறைந்து, வளைவுகளின் தடயம் கூடுவதைக் காட்டினார்கள்.

இதில் யாரும் தப்பாக அளக்கவில்லை. ஆனால் பாயைப் பார்த்து 'ஆறு அவ்வளவு அகலம்' என்று படித்தவர்கள்தான் வழுக்கி விழுந்தார்கள். ஐம்பது மீட்டர் அகலமுள்ள ஓர் ஆறு, பிடிப்பில்லாத மணலில் நூற்றாண்டுக்கணக்கில் இடமும் வலமுமாக அலைந்தால், தன் பழைய கரைகளையெல்லாம் தானே அழித்துவிட்டுப் பல கிலோமீட்டர் அகலத்துக்கு மணற்பாயைத்தான் விட்டுச்செல்லும். எவ்வளவு வேகமாக அலையும்? அலெஸ்ஸாண்ட்ரோ இயெல்பியும் மத்யூ லாபோட்ரவும் 2020-ல் கணக்கிட்டதில், செடி இல்லாத வளைவுகள் அதே அளவுள்ள செடியுள்ள வளைவுகளைவிடப் பத்து மடங்கு வேகமாக நகர்கின்றன. பாய் காட்டுவது ஆறு அலைந்த பரப்பு, ஆற்றின் அகலம் இல்லை.

அதனால்தான் மேலிருந்து பார்க்கிற வேலை முக்கியமாகிவிட்டது. கனடாவின் வடகோடியில், நுனாவுட்டில், பனிப்பாறைகள் வழித்துச் சுத்தமாக விட்ட பாறைத்தளங்கள் உண்டு, மரம் மறைக்காது. இயெல்பியும் ராபர்ட் ரெயின்பேர்ட்டும் அங்கே 190 கோடி ஆண்டு வயதுள்ள பர்ன்சைடு ஆற்று மணற்பாறையைச் செயற்கைக்கோள் படங்களோடு களத்திலும் பார்த்து, பாய் என்று ஒதுக்கப்பட்ட பாறைக்குள் ஆழமான கால்வாய்கள் இருந்ததை 2016-ல் எழுதினார்கள். சரிவுச் சுவரில் தெரியாதது தளத்தில் தெரிந்தது. நீங்களும் ஸ்காட்லாந்தின் ஸ்டோயர் தீபகற்பக் கரையைக் கூகுள் எர்த்தில் பெரிதாக்கிப் பாருங்கள், கடல் அலசிய பாறைத்தளங்களில் படுகைகளின் வளைகோடுகள் சில இடங்களில் புலப்படும். ருசி பிடித்துவிட்டால் அப்படியே செவ்வாய்க்குப் போகலாம். கூகுள் எர்த் புரோவிலேயே செவ்வாய் உண்டு, ஏயோலிஸ் டோர்சா என்று தேடுங்கள். செடி என்றால் என்னவென்றே அறியாத கிரகத்தில் நெளிந்த ஆறுகளின் தடம் மேடாக நிற்கிறது.

எழுதி வைப்பது

நோட்டில் 'பின்னல் ஆறு' என்று ஒரு சொல்லை எழுதி அடிக்கோடு போட்டு மூடிவிடாதீர்கள். அளந்தது தனி, ஊகித்தது தனி. இப்படி இருக்கட்டும்: தொகுப்பின் சராசரித் தடிமன் இவ்வளவு, அதிலிருந்து ஆழம் இந்த வீச்சு, திசைகள் இத்தனை பாகைக்குள், பெரிய தளங்கள் இத்தனையில் ஓட்டத் திசையில் சாய்வன இத்தனை, குறுக்கே சாய்வன இத்தனை, களிப்பாறை இத்தனை சதவீதம், களிக்கட்டி உண்டு அல்லது இல்லை, கால்வாயின் ஓரம் கண்ணில் பட்டது அல்லது படவில்லை. கடைசி வரியை நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள், அதுதான் மிக முக்கியம். ஓரம் தென்படாமல் அகலம் பற்றி எழுதுவது வெறும் வாய்ச்சவடால்.

போகிறவர்களுக்குச் சில

டோரிடன் பக்கம் கோடையில் போனால் மிட்ஜ் என்கிற பொடிக் கொசு பிய்த்து எடுத்துவிடும், மே மாதம் ஓரளவு தேவலை. ஸ்காட்லாந்தில் பொறுப்போடு நடந்துகொண்டால் தனியார் நிலத்திலும் நடக்கச் சட்டப்படி உரிமை உண்டு, ஆனால் சுத்தியலை வீட்டில் விட்டுவிட்டுப் போங்கள், பல இடங்கள் பாதுகாக்கப்பட்டவை, உங்களுக்கு வேண்டியது பாறையின் முகம், துண்டு அல்ல. கடற்கரைத் தளங்களுக்கு ஓத அட்டவணை பார்த்துப் போக வேண்டும்.

அவ்வளவு தூரம் வேண்டாம் என்றால் கர்நாடகத்தின் பாதாமி இருக்கிறது. நம் ஆட்களுக்கு அது வாதாபி, முதலாம் நரசிம்மவர்மன் 642-ல் பிடித்த ஊர். சாளுக்கியர் குடைந்த குகைக் கோயில்கள் நிற்கும் செந்நிற மணற்பாறை நிலத்தாவரங்களுக்கு மிகமிக முந்தையது, அதில் ஆறு போட்ட படிவுகளும் உண்டு. ஊரைச் சுற்றியுள்ள பாறைமுகங்களில் குறுக்குப் படுகையைத் தாராளமாகப் பார்க்கலாம். ஒரு விஷயத்தில் கவனம்: சிவப்பும் வெள்ளையுமாக ஓடும் நிறப்பட்டைகளையெல்லாம் படுகை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், இரும்பு கலந்த நீர் பின்னாளில் ஊறியும் அப்படிப் பட்டை விழும். மணியின் அளவு மாறுகிறதா என்று லென்ஸில் பார்த்து, மாறினால் மட்டும் படுகைக்கோடு என்று குறியுங்கள். காலை வெயில் சாய்வாக விழும்போது கோடுகள் எடுப்பாகத் தெரியும். உச்சி வெயிலில் எல்லாம் ஒரே சிவப்பு. கோயில் சுவரையும் தூணையும் தொடாமல், அளவு வேலையை வெளியே உள்ள பாறைகளில் வைத்துக்கொள்ளுங்கள், அது தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடம்.